டார்ச் பிடித்த விவகாரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். மோட்டார் சைக்கிள் நலமில்லை. அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும், போன வாரம் ஒற்றைப் பையோடு வந்து சேர்ந்த தங்கள் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நடந்ததை அவள் தங்களிடம் சொல்லியிருப்பாள். சொல்லாமலும் இருந்திருப்பாள், கோபம் வந்தால் அவள் பேசுவது குறைவு, பாத்திரங்கள் பேசுவது அதிகம். எப்படியானாலும் தங்களுக்கு ஒரு பக்கம்தான் தெரிந்திருக்கும். மறுபக்கத்தையும் தங்கள் பார்வைக்கு வைப்பது ஒரு பொறுப்புள்ள குடும்பத் தலைவனின் கடமை. முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லி இதை எழுதவில்லை. அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் அங்கே இருக்கலாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. 'அன்றைக்கு நான் டார்ச்சைச் சரியாகப் பிடிக்கவில்லை' என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், விவகாரம் அத்தோடு முடிந்தது.

தாங்கள் அறிந்ததுதான், எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் எங்கள் கல்யாணத்துக்கு முந்தியது. அதனால் தங்கள் அக்கா அதற்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்திருக்கிறாள். "மூத்தாளுக்கு எண்ணெய் போட்டாச்சா? அப்ப இளையாளுக்கு அந்த வாளித் தண்ணிய கொஞ்சம் தூக்கிக் குடுங்க" என்பாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓய்வூதியத்தில் ஓடுகிற வீடு இது. புது வண்டி என்பது எங்களுக்குக் கடைக் கண்ணாடியின் இந்தப் பக்கம் நின்று பார்க்கிற சமாச்சாரம். தெருமுனைப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோனால் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "சார், இத எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க" என்கிறார். ஆகவே கழற்றுவது, துடைப்பது, மாட்டுவது எல்லாம் வீட்டிலேயே, என் கையாலேயே. ஞாயிற்றுக்கிழமைதோறும் மெழுகு பூசித் துடைப்பதால் அதன் டேங்க்கில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

அப்படிப்பட்ட வண்டிக்குச் சில மாதங்களாக ஒரு வியாதி. ஒரே உதையில் புறப்படும். கொஞ்ச தூரம் ராஜநடை போடும். பிறகு திக்கும், இழுக்கும், நின்றுவிடும். நான் இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பேன். இருக்கும். மூடிவிட்டு உதைப்பேன். ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இன்ஜின் சூடாகி நிற்கிறது, நின்ற நேரத்தில் ஆறிவிடுகிறது, ஆறியதால் ஓடுகிறது என்று முடிவு கட்டினேன். இதற்கு மேல் யோசிக்க இதில் ஒன்றுமே இல்லை என்பது என் கருத்து. கார்புரேட்டரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, சாப்பாட்டு மேசையில் பரப்பி, பழைய பல் பிரஷ் ஒன்றால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். பிரஷ் பழையதுதான், ஆனால் தங்கள் அக்கா அதற்கு இன்னும் ஓய்வு கொடுத்திருக்கவில்லை. மறுநாள் காலை, "ஏங்க, இன்னிக்கு பேஸ்ட்டு ஏன் பெட்ரோல் வாசம் அடிக்குது?" என்று கேட்டாள். நான் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்ததாக, பின்சக்கரம் இறுகிச் சுற்றுவதால் இன்ஜினுக்குப் பாரம் கூடிச் சூடாகிறதோ என்ற சந்தேகத்தில் அதன் பேரிங்கை மாற்றினேன். குளிரவைத்தால் பேரிங் சுருங்கும், சூடாக்கினால் சக்கரத்தின் நடுப்பகுதி விரியும், சுத்தியலே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும். வீட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த முறைதான் இது. ஆகவே பேரிங் ஐஸ் பெட்டியிலும் சக்கரம் சமையல் அடுப்பிலுமாக இருந்தபோது கீழ்வீட்டுக்காரர் ஏதோ கேட்க வந்து, "என்ன, இன்னும் சமையல் ஆகலியா?" என்றார். "மூத்தாள் சமைச்சிட்டிருக்கா, அவ முடிக்கட்டும்னு காத்திருக்கேன்" என்றாள் உங்கள் அக்கா. பேரிங் அழகாக உட்கார்ந்தது. வண்டி வழக்கம்போல் நின்றது. டேங்க்குக்குள் துரு இருக்கலாம் என்று அதையும் இறக்கி, சோப்புத் தண்ணீரும் ஒரு கைப்பிடி கூழாங்கல்லும் போட்டு, மூடியை இறுக்கி, பெட்ஷீட்டில் கிடத்தி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக் கூடத்தில் நின்று ஆட்டினோம். கீழ்வீட்டுக்காரர் மறுபடியும் ஓடிவந்து, "சார், வீட்ட இடிக்கிறீங்களா?" என்றார். "இல்லங்க, தூங்க வைக்கிறோம்" என்றாள் அவள். நன்றாகக் கவிழ்த்து ஆட்டியும் மூடி வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. "பாத்தியா, இந்தக் காலத்து வண்டியில இப்படி ஒரு மூடி கிடைக்குமா?" என்றேன். அவள் கொஞ்ச நேரம் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரசிக்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அதுவரை எங்களுக்குள் ஒரு சச்சரவும் இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உங்கள் அக்கா தட்டச்சராக இருந்த மருந்துக் கிடங்கு அலுவலகத்தில் அன்று அவளுக்கு ஓய்வு பெறும் விழா. மாலையில் எல்லாரும் கூடி அவளைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு, "இன்னிக்கு ஒரு நாள் வாடகை வண்டியில போயிடலாமே" என்றாள். "நான் இருக்கும்போது வாடகை வண்டி எதுக்கு?" என்றேன். இதில் தவறு ஏதும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. சந்தை தாண்டி நின்றது. பாலத்தின் மேல் நின்றது. பள்ளிக்கூட வாசலில் நின்றது. ஒவ்வொரு முறையும் நான் இறங்கி, மூடியைத் திறந்து, புலம்பி, மூடி, உதைத்தேன். ஒவ்வொரு முறையும் அவள் இறங்கி, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஓரமாக நின்றாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசல் காவலாளிதான் பூங்கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "அம்மா, ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் நேரமாச்சுன்னு பேசிட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் உங்களப் பத்தி நல்லவிதமா பேசினாங்கம்மா" என்றார். தன் விழாவில் தன்னைப் பற்றிப் பேசியதைக் கேட்காத ஒரே ஆள் அவள்தான். ஆனாலும் வரும் வழியில் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி முடித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும், வியாதி மறைவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஸ்பேனரை எடுத்தேன். வாசல் விளக்கு போதவில்லை. டார்ச்சைப் பிடி என்றேன். அவள் அதே புதுப் புடவையில் பூங்கொத்தைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்து பிடித்தாள். நான் இன்ஜினுக்குப் பக்கத்தில் குனிந்து ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மேலே போனது. "எங்க பாக்கற? லைட்ட இங்க காட்டு" என்றேன். கீழே வந்தது. மறுபடி மேலே போனது. "இங்க, இங்க" என்றேன். வந்தது, மறுபடியும் போய் டேங்க் மேல் நின்றது. "ஒரு டார்ச்ச பிடிக்கக்கூடத் தெரியலையே, ஆபீஸ்ல இத்தனை வருஷம் என்னதான் பண்ணின?" என்று கேட்டுவிட்டேன். அவள் சொன்னாள்: "இத்தனை வருஷமா நீங்க பாக்கற இடத்துக்குத்தான் லைட்டு பிடிச்சிட்டிருக்கேன். நான் எங்க பாக்கறேன்னு ஒரு தடவையாவது பாத்தீங்களா?" டார்ச்சை சீட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். பையோடு வெளியே வந்தாள். டார்ச்சை அணைத்துவிட்டாவது போயிருக்கலாம், பேட்டரி வீணாயிற்று.

இதில் என் பிழை எங்கே என்று நீங்களே சொல்லுங்கள். டார்ச் பிடிப்பதற்கு ஒரு முறை உண்டா இல்லையா? அவள் இல்லாமலே வேலை நடக்கிறது என்பதையும் உங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். முதலில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன். விரலை ஸ்பேனர் நசுக்கியபோது ஒரு சொல் வெளியே வர, டார்ச்சும் கூடவே வந்து காலில் விழுந்தது. கீழ்வீட்டுக்காரரைப் பிடிக்கச் சொன்னேன். அவர் வெளிச்சத்தை என் கண்ணில் அடித்துக்கொண்டே வண்டியை எடைக்குப் போடுவது பற்றிப் பேசினார். கடைசியில் துண்டால் தலையில் கட்டிக்கொண்டேன். இது அருமையான ஏற்பாடு. நான் பார்க்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம் விழுகிறது, இம்மியும் விலகுவதில்லை. நான்தான் வாரம் முழுக்க ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கும் குறைவில்லை. சமையலறை டப்பாக்களில் பாதியில் நட்டும் வாஷரும் நானே போட்டு வைத்தவை. எதைத் திறந்தாலும் தின்ன முடியாத ஏதாவது ஒன்று வருகிறது, அவ்வளவுதான். வீடும் அமைதியாக இருக்கிறது. ஸ்பேனர் தரையில் விழுந்தால், உள்ளேயிருந்து "என்ன உடைஞ்சுது?" என்று குரல் வரும் என்று கை அப்படியே நின்றுவிடுகிறது. வருவதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஆனால் தம்பி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். (நீ என்று வந்துவிட்டது, இருக்கட்டும், உன்னை அரைக்கால் சட்டையில் பார்த்தவன் நான்.) ஒரு வாரமாக உன் அக்கா அங்கே இருக்கிறாள். ஒரு தடவையாவது நீ எனக்கு ஒரு போன் போட்டு, என்ன அத்தான், சாப்பிட்டீங்களா என்று கேட்டாயா? அவளாவது கேட்கச் சொன்னாளா? சொன்னாளா என்று மட்டும் எழுது, போதும். நானாக வந்து கூப்பிடுவேன் என்று அவள் நினைத்தால் அது நடக்காது. உன் ஊர் இருக்கும் தூரத்துக்கு வண்டி தாங்காது. தாங்கினாலும் வரமாட்டேன். பேருந்திலும் வரமாட்டேன். என் நிலையில் நான் உறுதியாக இருக்கிறேன் என்பதைத் தாங்கள் தங்கள் அக்காவிடம் தக்க முறையில் எடுத்துரைக்க வேண்டுகிறேன்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல வண்டி வாங்கி, நீண்ட காலம் நிற்காமல் ஓட என் ஆசிகள். தங்கள் அக்காவுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். சந்தை தாண்டியதும் வண்டி நின்றது. வழக்கம்போல் மூடியைத் திறந்தேன். என் புலம்பலைக் கேட்கப் பின்னால் ஆள் இல்லாததால் வாய் சும்மா இருந்தது. அதனால் காது கேட்டது. மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று டேங்க் மூச்சு இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் காற்று உள்ளே போக ஊசி முனை அளவில் ஒரு துளை உண்டு. காற்று போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அந்தத் துளையில் மெழுகு. நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாசமாகப் பூசிய மெழுகு. ஒவ்வொரு தடவையும் வண்டி மறுபடி ஓடியது இன்ஜின் ஆறியதால் இல்லை, நான் மூடியைத் திறந்ததால். பின்சீட்டில் உட்கார்ந்து அவள் அதைக் கவனித்திருக்கிறாள். அன்று அவள் டார்ச் அடித்துக் காட்டிய இடம் அந்த மூடிதான்.

சாவிக்கொத்தில் கிடந்த ஊசியால் மெழுகைக் குத்தி எடுத்துவிட்டுக் கிளம்பினேன். எங்கும் நிற்கவில்லை. தபால் பெட்டியையும் தாண்டி, எங்கே போகிறேன் என்று தெரியாமலே அவள் அலுவலகத்துக்குப் போய் நின்றேன். அந்தக் காவலாளியிடம், அன்று யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "எல்லாரும் கவனிக்காம விட்டுடறதெல்லாம் அம்மா கண்ணுல பட்டுடும்னு ஆபீஸ் பெரியவர் சொன்னாரு சார். வீட்லயும் அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, ரோட்டில் நின்று அழுதுவிட்டேன் தம்பி.

உறையைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். தபாலில் போடப் போவதில்லை. நாளைக் காலை வண்டியிலேயே வந்து உன் கையில் கொடுப்பேன். அவள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வாய் வராது. அவளிடமே கொடுத்துவிடு. முழுவதையும் படிக்கட்டும். அவர்கள் பேசியதை மட்டும் நான் நேரில் சொல்கிறேன், மனப்பாடமாக வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு அவள் வந்தால் சந்தோஷம். வரமாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதே, நானும் அங்கேயே இருந்துவிடுகிறேன். வாசலில் மட்டும் ஒரு பெரிய அட்டையாக விரித்து வை. மூத்தாள் கொஞ்சம் எண்ணெய் ஒழுகுவாள்.