டிரைவரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்

தில்லைக்காளி துணை

சிதம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை.

சேத்தியாத்தோப்பு மச்சான் அன்பரசு அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் தாண்டவராயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காள் ஜோதிலட்சுமியும் உடம்பளவில் நலம். மனசளவில் நலமில்லை. அங்கு நீங்களும் தங்கச்சியும் மகள் இலக்கியாவும் நலமாக இருக்கவேண்டும். ஒரு வீட்டிலாவது நிம்மதி இருக்கட்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். என் போன் என் கையில் இல்லை. நம்ம பையன் எழிலன் அதை வாங்கி, அரிசி டப்பாவின் மேல் நிற்கவைத்து, அவனுடைய வேலைத் திரையை வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறான். அந்தத் திரை சாகும்போது கடைசியாக என்னமோ எழுதிக் காட்டுமாம், படிப்பதற்குள் ஓடிவிடுமாம். ஜோதியின் போனில் பேசலாம்தான், ஆனால் அதில் ஜோதிதான் பேசுவாள். ஆகவே உங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டராக வரும் நம்ம கலைமணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் பதறாதீர்கள். பதறும் வேலையை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். நீங்கள் அலைந்து திரிந்து பேசிமுடித்த கடலூர் வரன், அதாவது திருப்பாதிரிப்புலியூர் கனிமொழி வீட்டார், நேற்று நம் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பாவும், மிலிட்டரியில் இருந்து ரிட்டயரான சித்தப்பா செந்தமிழ்செல்வனும். கேசரி தயார், பஜ்ஜி தயார், பையன் மட்டும் தயாராக இல்லை. அவனுடைய கம்பெனி பெங்களூரில், அவன் நம் வீட்டு உள்ரூமில். மீன்பிடிப் படகில் மாட்டுகிற சின்னத் திரை ஒன்று செய்கிறார்களாம், அதில் படம் வரவைப்பது இவன் பொறுப்பு. அந்தப் படம்தான் ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது. "சட்டைய மாத்துடா, வந்துட்டாங்க" என்று ஜோதி சொன்னால், "இரும்மா, ஒரே ஒரு வரி" என்கிறான். அந்த ஒரு வரி பொங்கலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

வந்தவர்களை உட்காரவைத்து, ரிட்டயர் ஆகும்வரை கடலூர் ரூட்டில் அரசு பஸ் ஓட்டிய டிரைவர் நான் என்று பெருமையாகச் சொல்லி வாயை மூடவில்லை, உள்ளேயிருந்து இவன் யாரிடமோ போனில் கத்துகிறான்: "ஆமாண்ணா, டிரைவர்தான் பிரச்சினை. பழைய டிரைவரு, ஒத்தே வரல. தூக்கிட்டு வேற டிரைவர் போட்டா எல்லாம் சரியாயிடும்." பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். நான் பஜ்ஜியைப் பார்த்தேன். பெற்ற அப்பனையே தூக்கச் சொல்கிறவன் நாளைக்கு மாமனாரை என்ன செய்வான் என்று அவர் நினைத்தது எனக்கு அப்படியே கேட்டது மச்சான். நான் சிரித்து மழுப்புவதற்குள் மறுபடியும்: "இந்த டிரைவர் உள்ள இருக்கிற வரைக்கும் கர்னல் பேனிக் ஆயிக்கிட்டேதாண்ணா இருக்கும்." சித்தப்பா விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார். "எந்தக் கர்னல்? எந்த ரெஜிமென்ட்?" என்றார். தெரியலிங்களே என்றேன். "கர்னல்னா பேனிக் ஆவமாட்டாருங்க. நான் அவுங்ககூட இருந்தவன்." அதோடு விட்டிருக்கலாம். பாவி மகன், "கொன்னுட்டு மறுபடி எழுப்பிப் பாக்குறேண்ணா" என்றான். சித்தப்பா நேராக உள்ரூமுக்கே போய்விட்டார், பின்னாலேயே நாங்கள் எல்லோரும்.

டிரைவர், கர்னல் என்பதெல்லாம் புரோகிராம்களின் பெயர் என்று எனக்குச் சாயங்காலம்தான் சொன்னான். திரைக்கு ஒரு டிரைவர், கீபோர்டுக்கு ஒரு டிரைவர், எல்லா டிரைவருக்கும் மேலே கர்னல், நம்ம டெப்போ மேனேஜர் மாதிரி. ஒரு டிரைவர் தப்பு பண்ணினால் மேனேஜர் மயங்கி விழுந்து டெப்போவையே மூடிவிடுவாராம். இது முன்னாடியே தெரிந்திருந்தால் நானே சித்தப்பாவுக்கு விளக்கியிருப்பேன். ஆனால் டிரைவரோடும் கர்னலோடும் போகவில்லையே!

அந்தச் சின்னத் திரையில் ஒரு பெண்ணின் முகம் இருந்தது. இருந்தது என்று சொல்லத்தான் முடியும். ஒவ்வொரு வரியாகத் தள்ளித் தள்ளிப்போய், நெற்றி ஒரு பக்கம், தாடை ஒரு பக்கம், மூக்கு நடுவில் சரிந்துகொண்டு நின்றது. போதாததற்கு சிவப்பு வரவேண்டிய இடமெல்லாம் நீலம். முகம் நீலம், பொட்டும் நீலம். எல்லோரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். உங்கள் அக்காளுக்குத்தான் அமைதி ஆகாதே. "உங்க பொண்ணு போட்டோதாங்க! எந்நேரமும் அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கான், அவ்ளோ ஆசை" என்றாள். எழிலன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். பெண்ணின் அப்பா தலை குனிந்துவிட்டார். சித்தப்பா மட்டும், "எங்க பொண்ணு ரோசாப்பூ மாதிரி இருக்குங்க. அதைச் சொட்டு நீலத்துல முக்கிப் பிச்சி வச்சிருக்காரு உங்க புள்ள" என்றார். கேசரியைத் தொடவில்லை. "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னவர்கள் யார் இதுவரை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இவனுக்கு வயசு ஏறிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு வரனும் வாசல்வரை வந்து திரும்புகிறது. இதுவும் போய்விட்டால் இவன் அந்தத் திரையோடேயே குடும்பம் நடத்திவிடுவான். "ஏன்டா, சோதிக்க வேற படமே கெடைக்கலியா?" என்று கேட்டேன். "அந்த மொகம் எனக்கு மனப்பாடம்ப்பா. எங்க கோணல் வந்தாலும் ஒடனே தெரிஞ்சிடும்" என்கிறான். போட்டோவை இவ்வளவு பார்த்திருக்கிறானே என்று ஒரு பக்கம் சந்தோஷம்தான், ஆனால் கவலை அதைவிட ஜாஸ்தி.

ஆகவே நீங்கள் இன்றே கடலூர் போய் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தூக்கச் சொன்ன டிரைவர் நான் இல்லை, கர்னல் உயிரோடு நலமாக இருக்கிறார், கனிமொழி முகத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு குறையும் வராது, வந்த நீலம் திரையோடு போய்விடும் என்று எடுத்துச் சொல்லவும். என் பேச்சு அங்கே எடுபடாது. உங்களுக்குப் பேச்சு வரும், பொய் கலக்காமலேயே வரும்.

தங்கச்சிக்கு என் விசாரிப்புகள், இலக்கியாவுக்கு எங்கள் ஆசிகள். காளியம்மன் உங்கள் வீட்டையும் முடிந்தால் எங்கள் வீட்டையும் காப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
தாண்டவராயன்

பி.கு: பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பச் செருப்பு மாட்டும்போது உள்ளே ஒரே கூச்சல். எழிலன் சரிசெய்துவிட்டான். ஒரு வரிக்கு எவ்வளவு நீளம் என்பதைத் தப்பாகக் கொடுத்திருந்தானாம், சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றி வைத்திருந்தானாம். படம் நேராக, நல்ல நிறமாக வந்துவிட்டது. எட்டிப் பார்த்த ஜோதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடலூர் போகவேண்டாம் மச்சான். மன்னிப்பும் கேட்கவேண்டாம். அது கனிமொழி இல்லை. உங்கள் மகள் இலக்கியா. "முன்னாடியே சொல்றதுக்கென்னடா?" என்று கத்தினேன். "யாரு கேட்டீங்க?" என்கிறான். இலக்கியாதான் அந்தப் படத்தை அனுப்பியதாம். படத்தில் அது சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால், அதன் மனசை நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள் போலிருக்கிறது. கடலூர்க்காரர்களிடம் நானே போய்ப் பேசிக்கொள்கிறேன், கர்னல் விஷயத்தை மட்டும் தொடமாட்டேன். நீங்கள் கோபப்படாமல், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நாளைக் காலை பஸ்ஸிலேயே வாருங்கள். இத்தனை வருஷம் வந்து போன வீடுதான். இருந்தாலும், இந்தத் தடவை வீடு பார்க்க வாருங்கள்.