கரியப்பனின் பலம் நான்கு

மனிதனின் பலம் எவ்வளவு, அறிவு எவ்வளவு என்று தெரியாமல் இந்த உலகம் பல ஆயிரம் வருஷம் இருட்டில் தடுமாறியது. அந்த இருட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓசூரில் தகடு வளைத்துக் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில், டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நீங்கியது.

நீக்கியவர் எச்.ஆர். ப்ரீதா மேடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பெங்களூரில் சிநேகிதர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார். அதில் ஆளுக்கொரு வேஷம். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி. அந்த வீரனுக்குப் பலம் எவ்வளவு, மந்திரவாதிக்கு அறிவு எவ்வளவு என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பகடை உருட்டி முடிவு செய்துவிடுவார்கள். சிபாரிசு இல்லை, சாதி இல்லை, மச்சான் இல்லை. இத்தனை சுத்தமான முறையை மந்திரவாதிகளுக்கு மட்டும் விட்டுவைப்பது பாவம் என்று மேடத்துக்குப் பட்டது.

அந்த வருஷம் கம்பெனியில் பர்மனென்ட் இடம் ஒன்று; அது யாருக்கு என்பதைப் பகடையே சொல்லட்டும் என்று மேடம் முடிவு செய்தார். காண்ட்ராக்ட் ஆட்கள் நாற்பது பேர். அவர்களில் ஒருவர் கரியப்பன். தேன்கனிக்கோட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து கேட்டில் நிற்பார். "இன்னைக்கு வேலை இல்ல, போ" என்றால் வந்த வழியே திரும்பிப் போவார். பர்மனென்ட் ஆளை அப்படித் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் நாற்பத்தைந்து வயது தாண்டியவரைப் பர்மனென்ட் ஆக்குவதில்லை என்பது கம்பெனி விதி. கரியப்பனுக்கு அடுத்த மாதம் தாண்டுகிறது. ஆக, இந்தப் பகடையை விட்டால் அவருக்கு வேறு வழி கிடையாது.

பகடை உருட்ட மேசை வேண்டுமே? ஸ்டோரில் கிடந்த இரும்பு மேசையைக் கரியப்பன் ஒற்றை ஆளாகத் தோளில் சுமந்துவந்து போட்டார்.

"பலம், வேகம், தாங்குசக்தி, அறிவு, விவேகம், வசீகரம். மொத்தம் ஆறு குணம்" என்று மேடம் விளக்கினார். "ஒவ்வொன்னுக்கும் நாலு பகடை உருட்டணும். யாருக்கு மொத்தம் அதிகமோ அவங்க பர்மனென்ட்."

"தாயம் விழுந்தாதான் ஆரம்பமா மேடம்?" என்றாள் பேக்கிங்கில் வேலை செய்யும் நாஸியா.

"இல்லம்மா. உருட்டின நாலுல ஒன்னை எடுத்துட்டு, மீதி மூணைக் கூட்டணும். எடுக்க வேண்டியது எதுன்னா..."

அதற்குள் கரியப்பன் உருட்டிவிட்டார். ஆறு, இரண்டு, ஒன்று, ஒன்று. மேடம் வாயை மூடுவதற்குள் பின்னாலிருந்து மோதிரம் போட்ட கை ஒன்று நீண்டு, ஆறை எடுத்துக்கொண்டது. லேபர் காண்ட்ராக்டர் சென்னகிருஷ்ணனின் கை அது.

"சார், எடுக்க வேண்டியது சின்னதை!"

"நாலுல ஒன்னு எடுக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? என் ஆளுங்க கையில எது வந்தாலும் அதுல ஒன்னு எனக்கு மேடம். பெருசா பாத்து எடுக்கறதுதான் வழக்கம்."

மேடம் தொழிலாளர்களைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. நாலில் ஒன்று போகும் என்று கேட்டபோதே அது யாருக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"வழக்கந்தான் மேடம்" என்றார் கரியப்பன்.

காண்ட்ராக்டருக்கும் அவருடைய ஆட்களுக்கும் நடுவே கம்பெனி தலையிடக் கூடாது என்பது 'சட்ட ஆலோசனை'. மேடம் சட்டத்தை மதிக்கிறவர். கரியப்பன், பலம் நான்கு என்று பதிந்தார்.

"நாலுன்னா எவ்ளோ மேடம்?"

"எங்க ஆட்டத்துல நாலுன்னா... கொஞ்சம் கொழுத்த பூனை."

"அப்ப இந்த மேசைய பூனைதான் தூக்கினு வந்துச்சா?" என்றாள் நாஸியா.

"கம்முனு இரு பாப்பா. மெஷின் சொல்ற கணக்கு" என்று சென்னகிருஷ்ணன் அதட்டினார். மெஷின் எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் எல்லாரும் கம்மென்று ஆனார்கள்.

வேகமும் தாங்குசக்தியும் போனவிதம் சொல்லும்படியாக இல்லை. அறிவுக்கு உருட்டியபோதுதான் கேன்டீனே எழுந்து நின்றது. நாலும் ஆறு! சென்னகிருஷ்ணன் தன் ஆறை எடுத்தார். மீதி பதினெட்டு.

"பதினெட்டுக்கு மேல மனுஷனுக்குக் கிடையாது!" என்று மேடம் கூவிவிட்டார்.

"இவனுக்கு எதுக்கு மேடம் அவ்ளோ அறிவு?" சென்னகிருஷ்ணன் உண்மையாகவே கவலைப்பட்டார். "போன மாசம் சொல்லாம லீவு போட்டான்" என்று பிடித்தமாக இன்னொரு ஆறையும் எடுத்துக்கொண்டார்.

வசீகரத்தில் கரியப்பனுக்கு மூன்று.

"அண்ணா, இத அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் நாஸியா.

"அவளுக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்மா."

நாற்பது பேரும் உருட்டி முடித்தார்கள். மேடம் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒரு தொழில்நுட்பச் சிக்கல் எழுந்தது. எடுக்கப்பட்ட பகடைகளை எங்கே போடுவது? சொந்தக்காரன் இல்லாத எண்ணைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. எடுத்தவர் பெயரிலேயே போடுவதுதான் நேர்மை என்று மேடம் தீர்மானித்தார். பொத்தானைத் தட்டினார். திரையில் வந்தது:

சென்னகிருஷ்ணன். பலம் இருநூற்றுப் பதினொன்று.

மேடம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "எங்க ஆட்டத்துல நெருப்பு கக்கற டிராகனுக்கே முப்பதுதான்" என்றார் மெதுவாக. அறிவு, விவேகம், வசீகரம் எல்லாமே இருநூறைத் தாண்டி நின்றன. அந்த வசீகரம் சட்டைக்குள் அடங்காமல் ஏப்பம் விட்டது.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு என்று யாரோ முனகினார்கள். 'இருநூறுக்கு மேல் பலமுள்ளோருக்கு வயது வரம்பு தளர்த்தப்படுகிறது' என்று அன்று மதியமே சுற்றறிக்கை வந்தது. சென்னகிருஷ்ணன் பர்மனென்ட் ஆனார். காண்ட்ராக்டைத் தன் சம்சாரம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். கரியப்பனும் தட்டினார்.

தட்டி முடித்துத்தான் கேட்டார்: "மேடம், எங்க பலம் பூரா இப்ப சார்கிட்டதான இருக்குது? அப்ப நாளையிலருந்து லோடு அவருதான் ஏத்துவாருங்களா?"

மேடம் பொறுமையாகச் சிரித்தார். "அய்யோ, அது வெறும் ஆட்டம்ணா. லோடு நிஜம் இல்லையா?"

"பர்மனென்ட்டுங்க?"

"அது ஆட்டத்துல ஜெயிச்சவருக்கு."

மறுநாள் காலை கேட்டில் கரியப்பனுக்கு வேலை இருந்தது. கொழுத்த பூனை ஒன்று நாள் முழுக்கத் தகடு சுமந்தது. உழைப்பு ஒருவனிடமும் பலன் இன்னொருவனிடமும் போய்ச் சேரும் இந்த ஏற்பாடு, இத்தனை வருஷமாக அந்தக் கம்பெனியில் ஒரு பகடைகூட உருட்டாமல் நடந்துகொண்டிருந்தது. ப்ரீதா மேடம் வந்துதான் அதற்கு ஒரு முறையை வகுத்தார்.