மேனேஜர் ரத்தத்தில் பூச்சி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நானும் கேட்பவர்களிடமெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்டபடியே உங்கள் அண்ணனின் மீன்தொட்டியை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். அவர் போன பிறகு அதில் மிச்சம் ஒரே ஒரு மீன். வாயைத் திறந்து திறந்து மூடுமே தவிர ஒரு வேலையும் செய்யாது என்று மேனேஜர் என்று பெயர் வைத்தாரே, அதுதான். அதோடு மாரடிக்க எனக்குத் தெம்பில்லை. போன வாரம் அது வெளுத்துப்போய் அடியில் படுத்துவிட்டது. ரத்தம் கம்மி என்று டாக்டரம்மா எனக்குக் கொடுத்த டானிக் இருந்ததா, இரண்டு பேருக்கும் ஒரே சீக்குதானே என்று தொட்டியில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டேன். தண்ணீர் காபி நிறமாகி மீனையே காணோம். துழாவிப் பிடித்து, தண்ணீரோடு குக்கரில் விட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மா சும்மா இருப்பாளா?

"குக்கர்ல என்னக்கா?"

"மீனு."

"வாசமே வரலையே!"

"இன்னும் உசுரு இருக்கும்மா."

எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

கால்நடை டாக்டர் வாலோரம் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். தம்பி, சிவப்புச் சிவப்பாக ரத்தம். நடுவில் நூல்துண்டு மாதிரிப் பூச்சிகள், கல்யாண வீட்டுப் பிள்ளைகள் போல எல்லாரையும் இடித்துக்கொண்டு ஓடுகின்றன! அட்டை கடித்தால் இந்தப் பூச்சி மீனின் ரத்தத்தில் ஏறிவிடுமாம். தொட்டியில் புதிதாக என்ன போட்டீர்கள் என்றார். ஆறுதல் சொல்ல வந்தபோது குளத்திலிருந்து பிடுங்கிவந்து போட்டீர்களே ஒரு செடி, அதுதான். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. சொந்தக்காரர் என்றேன், அவரே புரிந்துகொண்டார்.

"மருந்து குடுங்க சார்."

"ரத்தத்துல இருக்கறத எடுக்க நம்பிக் குடுக்கற மாதிரி மருந்து இல்லம்மா. அட்டைய எடுத்துடுங்க, தண்ணிய மாத்துங்க. தெம்பு வந்தா அதோடயே சாப்பிட்டு நீந்திக்கிட்டு இருக்கும்."

"அதோடயேவா?"

"அதோடயேதாம்மா."

வீட்டுக்கு வந்து செடியைத் தூக்கி எறிந்தேன். கல்லிடுக்கில் அட்டை இருந்தது, இடுக்கியால் பிடுங்கினேன். தண்ணீரை மாற்றி மேனேஜரைத் திரும்ப விட்டேன். இனி என்னால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வண்டியோடு வாருங்கள். தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போனேன், தொட்டியில் சலசலவென்று சத்தம். மேனேஜர் மேலே வந்து நிற்கிறது. தீனி போட்டேன். தின்றுவிட்டு இன்னும் கேட்கிறது. பிடித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வண்டி வேண்டாம் தம்பி. எல்லாரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஒருத்திக்கு மட்டும் ஆக்க எனக்கு இன்னும் அளவு தெரியவில்லை.