கிட்டங்கித் தரையோடு மல்லுக்கு நின்றவர்

போடியில் எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ‘ஈரத்துணி’ சாருக்கு முன்னால் அவர்களெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கும் குழந்தைகள்.

ஐம்பதுகளில், அணுசக்திக்கான தாதுக்கல் தேடி மலைக்கு வந்த சர்க்கார் கேம்ப்பில் நான் குமாஸ்தா. வேலுத்தாயி அம்மாள் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து ஆய்வுக்கூடமாக்கியிருந்தோம். அதற்குப் பொறுப்பாளர் ஈரத்துணி. ரசாயனம் படித்த தேவாரத்துக்காரர். கல்லைப் பொடிக்கும்போது தூசி பறந்தால் நனைத்த துணியோடு பாய்வார். ஒருநாள் பெருக்க வந்தவள் கையில் துடைப்பத்தைப் பார்த்துவிட்டு, புலியைக் கண்டவர்போல் மேஜைமேல் ஏறி நின்று அலறினார். உள்ளே யாரும் வெற்றிலைகூடப் போட முடியாது. ஆபீசருக்கு வந்த காப்பியையே வாசலோடு திருப்பி அனுப்பியவர்.

அந்த ஆபீசரின் முழங்கை பட்டுத்தான், கருவிகளைச் சரிபார்க்க வைத்திருந்த ரேடியக் குப்பி விழுந்து உடைந்தது. பொடி கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் மெஷின், சட்டியில் சோளம் பொரிவதுபோல் படபடத்தது.

கேம்ப் காலிசெய்ய வேண்டிய சமயம். “சுண்ணாம்பு அடிச்சுட்டுக் கிளம்புவோம்ப்பா. கண்ணுக்கே தெரியலையே!” என்றார் ஆபீசர்.

“அதான் சார் பயம். நாளைக்கு இங்க ஏலக்காயக் கொட்டுவாங்க. ஊரு பூராம் பாயாசத்துல போடும். இந்தத் தரை அடங்காம நான் நகர மாட்டேன்” என்றார் ஈரத்துணி.

ஆபீசர் அன்றே மதுரை ரயிலைப் பிடித்தார்.

மறுநாள் முகத்தில் துணி, கையில் ரப்பர் உறையோடு நாங்கள் இறங்கினோம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித்தான் துடைக்க வேண்டும். ஒரே இழுப்பு. துடைத்த துணி வாளிப் பக்கமே போகக்கூடாது. நேராகத் தகர டின்னுக்குள்.

நான் மறந்துபோய் வெளிப்பக்கமாக இழுத்துவிட்டேன். “யோவ், என்ன ஊருக்கே பந்தி வைக்கிறீரா?” என்று கத்தினார்.

கிளம்பும்போது எல்லோர் கைகாலிலும் மெஷினைக் காட்டுவார். என் வலது செருப்பு டிக்கடித்தது. பிடுங்கி டின்னில் போட்டுவிட்டார். ஒற்றைச் செருப்போடு பஸ் ஸ்டாண்டு வழியாக வீடு போய்ச் சேர்ந்தேன்.

துடைத்துத் துடைத்து மெஷின் அடங்கிக்கொண்டே வந்தது. ஒரு மூலை மட்டும் மசியவில்லை. அந்த நேரம் பார்த்து, போடிமெட்டிலிருந்து மூட்டைகளோடு ஜீப்பில் வந்து இறங்கினார் வேலுத்தாயி அம்மாள்.

“சோலி முடிஞ்சுச்சா அப்பு? மழை வருது, லோடு நனையுது!”

“ஒரு மூலை இன்னும் கத்துது ஆத்தா.”

“கத்துனா கத்திட்டுப் போகுது, அது என்ன கைப்புள்ளயா? வெரசா வழிய விடு!”

ஈரத்துணி வாசற்படிக்குக் குறுக்கே மழையில் மல்லாந்து படுத்துவிட்டார். “கொண்டு போறதுன்னா என்னைய மிதிச்சுட்டுப் போ ஆத்தா.”

அம்மாள் அவரை வெறித்துப் பார்த்தார். “ஏ, வண்டியத் திருப்புங்கப்பா. மூட்டைய நம்ம வீட்டுல எறக்கு” என்றார்.

பிறகு ஈரத்துணி, தூசி கிளம்பாமல் தண்ணீர் விட்டு, அந்த மூலைச் சிமெண்டையே கொத்தி எடுத்து டின்னில் அடைத்தார். புதுச் சிமெண்டைத் தானே பூசினார். இப்போது மெஷின் எப்போதாவது ஒரு டிக் போட்டது. எந்த ஊர்த் தரையும் போடுகிற சத்தம்தான் அது.

அம்மாள் வந்து பார்த்தார். “என்ன அப்பு, அப்பளம் மாதிரி பூசியிருக்க?”

“தரை சுத்தம் ஆத்தா. பூச்சுதான் மோசம்.”

அன்று மதியம் அம்மாள் தன் வீட்டில் எங்களுக்கு இலை போட்டார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, மெஷினைக் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஈரத்துணி உட்கார்ந்தார். இரண்டாவது கவளத்திலேயே பக்கத்து மூட்டையில் சாய்ந்து, வாய் பிளந்து தூங்கிவிட்டார்.

“உறங்கட்டும், எழுப்பாதீக” என்று அம்மாள் மோர்ச்சட்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

அவர் விழிக்கும்வரை, அந்த இலையில் ஈ உட்காராமல் நான் விசிறிக்கொண்டிருந்தேன். கை வலிக்கவே இல்லை.