என் வீட்டு விளக்கில் உன் வீட்டுத் தண்ணீர்

பிரிக்பீல்ட்ஸ்,
நான்காம் மாடி.

நேற்றுவரை அன்பிற்குரியவனாக இருந்த மைத்துனன் லோகனுக்கு, ஐந்தாம் மாடி,

அத்தான் கமலநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலமாக இல்லை. நீயும் உன் மனைவி மாதவியும் நலம்தானா என்று நான் விசாரிக்கத் தேவையில்லை. நீங்கள் குளிப்பதும் வாளியை இழுப்பதும் தினமும் எங்கள் தலைக்கு மேலேதான் கேட்கிறது. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று நீ கேட்பாய். நேரில் வந்தால் நான் கத்திவிடுவேன் என்று உன் அக்கா தனலெட்சுமி பயப்படுகிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கும்பிடு பொம்மையும் ஒரு கட்டைவிரலும் அனுப்புகிறாய். அந்தக் கட்டைவிரலை வைத்து உன் பாத்ரூம் ஓட்டையை அடைக்க முடியுமா? ஆகவே எழுதுகிறேன். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஊரார் சண்டையையெல்லாம் நிதானமாக மலாயில் எடுத்துச் சொன்ன எனக்கு, என் சொந்தச் சண்டையை நிதானமாகச் சொல்ல வரவில்லை. பொறுத்துக்கொள். பொறுக்காவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

தைப்பூசம் முடிந்த வாரத்தில்தான் முதல் சொட்டு விழுந்தது. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், விளையாட்டுப் பக்கம் நனைந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் சீலிங் விளக்கின் கண்ணாடி மூடிக்குள் தண்ணீர் தளும்புகிறது, அதற்கு நடுவிலே விளக்கும் எரிகிறது, ஒரு மீன் விட்டால் போதும் என்பதுபோல. உடனே உன்னைக் கூப்பிட்டேன். "என் தம்பி தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரியில சூப்பர்வைசர், அவனுக்குத் தெரியாத மெஷினே கிடையாது" என்று உன் அக்கா கோயிலில், பாசாரில், கல்யாண வீட்டில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளே, அந்த நம்பிக்கையில் கூப்பிட்டேன். நீ வந்தாய். இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாய். "இது சும்மா வேர்வை அத்தான். இந்தச் சூட்டுக்குச் சீலிங்கும் வேர்க்கும்லா" என்று சொல்லி, உன் அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு மேலே போய்க் குளித்தாய். நீ குளிக்கக் குளிக்க எங்கள் சீலிங் வேர்த்தது!

அப்புறம் மெயின் சுவிட்ச் தானாக விழ ஆரம்பித்தது. சோறு வேகும்போது விழும், செய்தி பார்க்கும்போது விழும். மறுபடியும் உன்னைக் கூப்பிட்டேன், என் புத்தியைச் சொல்லவேண்டும். நீ வந்து அதைத் தூக்கிவிட்டாய். விழுந்தது. தூக்கினாய். விழுந்தது. "இது பயந்தாங்கொள்ளி சுவிட்ச் அத்தான். தூக்கித் தூக்கி விட்டாப் பழகிடும்" என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தாய். நானும் உன் பேச்சைக் கேட்டு, நீ வேலைக்குப் போன நேரமெல்லாம் அதைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய், ஞாபகமிருக்கிறதா? "இந்தச் சனியனைக் கழட்டிப் போட்டுட்டு நேரா கனெக்சன் கொடுத்துடுறேன், அப்புறம் எப்படி விழும்னு பார்ப்போம்" என்றாய். ஸ்டூல் போட்டு ஏறியும் விட்டாய். ஸ்க்ரூ டிரைவரைக் காணவில்லை. அதைத் தேடுவதற்குள் மாதவி சாப்பிடக் கூப்பிட்டாள், நீ இறங்கிப் போய்விட்டாய். லோகா, அன்றைக்கு அந்த ஸ்க்ரூ டிரைவர் கிடைத்திருந்தால் இன்றைக்கு நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன், உன் அக்காவுக்குப் பத்திரிகையில் மரண அறிவிப்பு எழுதிக்கொண்டிருப்பேன். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

நேற்றுக் காலை தனலெட்சுமி ஹாலைத் துடைத்தாள். தரையெல்லாம் ஈரம், காலில் செருப்பு இல்லை. சீலிங்கிலிருந்து இறங்கிய தண்ணீர் சுவரோடு வழிந்து விசிறி சுவிட்சுக்குள்ளே போயிருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. அவள் கையை வைத்தாள். "ஐயோ" என்று ஒரு சத்தம். அவள் சத்தம் போலவே இல்லை அது. துடைப்பம் ஒரு பக்கம் பறந்தது, அவள் ஒரு பக்கம் விழுந்தாள். அதே நொடியில் அந்தப் பயந்தாங்கொள்ளி மெயின் சுவிட்ச் டக்கென்று விழுந்தது. நான் பாதி வழிவரை ஓடினேன். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் என் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைத் திறந்து, "எதுக்கு இப்படிக் கத்துறீங்க, பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கிளினிக்கில் நெஞ்சுக்கு ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றார்கள். வலது கை மட்டும் முழங்கைவரை மரத்துப்போய், ராத்திரி நான்தான் சோறு பிசைந்து கொடுத்தேன்.

கிளினிக்கிலிருந்து வந்ததும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வாணி என்ற பெண்ணை வரவழைத்தேன். லைசன்ஸ் வைத்து வயரிங் வேலை செய்கிறவள், மோட்டார் சைக்கிளில் வந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே திட்ட ஆரம்பித்தாள்.

"இத விழ விழத் தூக்கி விட்டது யாரு?"

"என் மைத்துனன்."

"அவரு இல்லாத நேரத்துல?"

நான் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தேன்.

"அங்கிள், இது கெட்டுப்போயி விழல. கரண்டு தண்ணியில லீக் ஆகுதுன்னு உங்களுக்குச் சொல்லுது. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அது வாயப் பொத்தியிருக்கீங்க. விளக்குல தண்ணி பார்த்த அன்னிக்கே மெயினை ஆஃப் பண்ணிட்டுக் கூப்பிடணும். வாளிக்குப் பதிலா லைட்டுலயா தண்ணி பிடிப்பீங்க?"

நீ நேராகக் கனெக்சன் கொடுக்க இருந்த கதையைச் சொன்னேன். அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். "கொடுத்திருந்தா ஆன்டி எழுந்திருச்சிருக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். ஹாலுக்குப் போகும் கரண்டைத் துண்டித்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒழுகல் நின்று, எல்லாம் காய்ந்து, அவள் வந்து சோதித்த பிறகுதான் ஹாலுக்கு வெளிச்சம்.

இத்தனைக்கும் பிறகு உன் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? மரத்துப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பிகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவான்" என்கிறாள்! பயப்படட்டும்டா! நன்றாகப் பயப்படட்டும்! எனக்கு இருப்பது ஒரே மனைவி, அவளை உன் பாத்ரூம் தண்ணீருக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. உன் பாத்ரூமைத் தரையோடு உடை, குழாயை மாற்று, அதற்குப் பிறகு என் வீட்டு வாசலை மிதி. அதுவரைக்கும் நீ யாரோ, நான் யாரோ. உன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு நான் வரமாட்டேன். வந்தாலும் சாப்பிட மாட்டேன். சாப்பிட்டாலும் உன்னோடு பேச மாட்டேன்.

முருகன் உன் குடும்பத்துக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும், உனக்குத் தனியாகக் கொஞ்சம் மூளையும், உன் பாத்ரூம் தரைக்கு நல்ல சிமெண்டும் கொடுத்துக் காப்பாற்றட்டும். மாதவிக்கு என் ஆசிகள். உனக்கு இல்லை.

இப்படிக்கு,
கமலநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்தில் பிளம்பர் விமலன் வந்தான். உனக்கு எதிராகச் சாட்சி சொல்வதற்கென்றே நான் வரச்சொன்ன ஆள். சீலிங் பலகையை அறுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். உன் வீட்டுத் தரையின் அடிப்பக்கம் பொட்டு ஈரம் இல்லை, எலும்புபோலக் காய்ந்து கிடக்கிறது. எங்கள் படுக்கையறை ஏர்கோனிலிருந்து தண்ணீர் போகிற குழாய்தான் சீலிங்குக்குள்ளே கழன்று, நேராக விளக்கின்மேல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. ஏர்கோனை மாட்டியது யார் என்று கேட்டான். நானேதான் என்று சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். இதை எழுதும்போது மேலே டமால் டமால் என்று சத்தம் கேட்கிறது. என்னவென்று கேட்டால் உன் அக்கா சொல்கிறாள்: "காலையிலயே தம்பிகிட்டப் போயி அழுதுட்டேங்க. லீவு போட்டு இன்னிக்கே பாத்ரூமை ஒடச்சிடுறேன்க்கான்னு சொன்னான்." லோகா, சுத்தியலைக் கீழே வை. லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை, படியேறி ஓடி வருகிறேன். நான் வருவதற்குள் உடைத்து முடித்திருந்தால், மேலே எழுதிய எதையும் படிக்காதே. நீயும் மாதவியும் ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் குளிக்க வாருங்கள்.