பௌர்ணமிக்குப் பூட்டும் ஆய்வகம்

"நீ இப்ப சிரிச்சியே, அது அடங்க எவ்ளோ நேரம் ஆவும்?" ஆய்வக உதவியாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வில், நாங்கள் 'மூச்சு மேடம்' என்று கூப்பிடும் இயற்பியல் பேராசிரியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எனக்கு இன்னும் பதில் தெரியாது. திருவண்ணாமலையில் காற்றோடு சண்டை போடக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

கல்லூரி ஆய்வகத்தில் அவர் அளந்தது, இரண்டு காந்தப் படலங்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றன என்பதை. நடுவில் காந்தமில்லாத ஓர் உலோகப் படலம். மூன்றும் சேர்ந்தே தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். பிரித்துப் பார்க்க முடியாது. உள்ளே ஓடும் ஸ்பின் அலைகள் என்ற நுண்ணிய காந்த அலைகள்மீது லேசர் ஒளியை விழவைத்து, திரும்பும் ஒளியின் நிறம் எத்தனை இழை மாறியது என்று பார்த்துக் கணக்கிட வேண்டும். மேஜை துளி ஆடினாலும் எல்லாம் வீண். அதனால் அவர் லேசர் கண்ணாடியைத் திருப்பும்போது யாரும் மூச்சுவிடக் கூடாது. வெளியிலிருந்து வாட்ச்மேன் கெஞ்சுவார்: "மேடம், நான் வராண்டாவுலதான் கீறேன். வுட்டுக்கட்டுமா?"

பௌர்ணமியன்று கிரிவலப் பேருந்துகளாலும் கூட்டத்தாலும் தரை அதிரும் என்று ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார். கல்லூரி முதல்வர் அதைப் பக்தி என்று நினைத்தார்.

"எல்லாரும் சுத்தி முடிக்கிற வரைக்கும் என்னால எதையும் தொட முடியாது சார்" என்றார் மேடம், உண்மையாகவே.

முதல்வர் கண் கலங்கிவிட்டார். "கடைசி பக்தர் முடிக்கிற வரைக்கும் பச்சத்தண்ணிகூட தொட மாட்டாங்களாம்" என்று கல்லூரி முழுக்கச் சொல்லிவிட்டார்.

நான் ஏழு மாதக் கர்ப்பிணியாக மேஜையில் சாய்ந்திருந்தபோது ஒருநாள் திரையில் வரைபடக் கோடு துள்ளியது.

"யாரு ஆட்டினது?"

"நான் இல்ல மேடம். உள்ள இருக்கறவங்க."

திட்டவில்லை. நோட்டில் எழுதினார்: '3.40. உள்ளே ஒருவர் அசைந்தார்.'

பிறகு நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். கணவர் ஓசூரில், ஞாயிறு மட்டும் வருவார். வேங்கிக்கால் வீட்டில் நானும் ஒன்பது மாத மகளும்தான். நாள் முழுக்க நானே பேசுகிறேன். அவள் ஜாஸ்தி தூங்கினாலும் பயம், கம்மியாகத் தூங்கினாலும் பயம்.

போன வாரம் மேடம் வந்தார். தூங்கும் மகளுக்கருகே தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அசையவே இல்லை. கிளம்பும்போது சொன்னார்: "தனியாத்தான் அளக்கறேன்மா. நல்ல அளவு கிடைச்சா காட்டறதுக்கு ஆளில்ல. அடுத்த செமஸ்டருக்குள்ள வந்துடு. இல்லன்னா வேற ஆள போட்ருவாங்க."

"கொழந்தைய நான் பாத்துக்கறேன், நீ போம்மா" என்கிறார் அடி அண்ணாமலையிலிருக்கும் மாமியார். போனால் மகள் என்னை மறந்துவிடுவாளோ என்று இருக்கிறது. போகாவிட்டால், மத்தியானம் என் இடத்தில் வேறொரு பெண் மேடத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாளே என்று பொறாமையாக இருக்கிறது. கைக்குழந்தையை விட்டு வேலைக்குப் போன அம்மாக்களே, அந்த முதல் வாரத்தை எப்படித் தாண்டினீர்கள்? எனக்கு எழுதுங்கள்.