யோங் பெங் நீர்வீழ்ச்சி

கழிவறைக் கதவுக்கு அடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்ப்பதற்கு இன்றைய காலைதானா அதற்குக் கிடைத்தது என்று பிரேமலா நொந்துகொண்டாள்.

மலேசியாவின் யோங் பெங் ஊரில் பயணிகள் தகவல் மையத்தை அரசாங்கமே நடத்திய காலத்தில், பைப் உடைந்தால் யாரைத் திட்டுவது என்பதிலாவது ஒரு தெளிவு இருந்தது. இப்போது கட்டடமும் மெயின் பைப்பை மூடும் சாவியும் அரசாங்கத்துக்கு, கவுண்டர் மகளிர் சங்கத்துக்கு, துடைப்பது ஒரு கம்பெனிக்கு, குழாய் இன்னொரு கம்பெனிக்கு. சங்கத்தின் சார்பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் பிரேமலா.

குழாய்க் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"கம்ப்ளேன் பதிஞ்சாச்சு மேடம். அடுத்த வாரம் ஆள் வருவாங்க."

"அடுத்த வாரம் நாங்க மெதந்துகிட்டு இருப்போம்லா."

"தரையில தண்ணி நின்னா அது கிளீனிங் கம்பெனி பொறுப்பு மேடம்."

கிளீனிங் கம்பெனியின் ஆளான காளியம்மா மாப்புடன் பக்கத்தில்தான் நின்றாள். "கால்மிதி வரைக்கும் அது பைப் கம்பெனி தண்ணி. தாண்டி வந்தாதான் என் தண்ணி. எங்க அக்ரிமெண்டு அப்படி."

இருவரும் கால்மிதியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சங்கத் தலைவி தனலெட்சுமி முந்தின நாளே எச்சரித்திருந்தாள். "நாளைக்கு ஆபிசர் வராரு. சாதாரண பயணி மாதிரிதான் வருவாரு. மொதல்ல டோய்லட்டதான் பாப்பாரு. மார்க்கு கொறஞ்சுச்சுன்னா இந்த எடத்த ஜொகூர் பாரு கம்பெனிக்குக் கொடுத்துருவாங்க. அவங்க ஆள வைக்க மாட்டாங்க, மெஷினத்தான் வைப்பாங்க."

விடியுமுன் பஸ் ஏறி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த காலத்து அலுப்பு பிரேமலாவின் முதுகில் இன்னும் மிச்சமிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த நாற்காலியை ஒரு மெஷினுக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அதனால் பைப் உடைந்ததைத் தலைவியிடம் மூச்சுவிடவில்லை. வாசலில் நின்ற ஆளுயர அட்டை அன்னாசிப்பழத்தை இழுத்துவந்து கழிவறைக் கதவை மறைத்தாள். அன்னாசி அடியிலிருந்து தண்ணீரைக் குடித்துக் குடித்து மெல்லச் சாய ஆரம்பித்தது.

அப்போதுதான் அந்த மனிதர் உள்ளே வந்தார். சட்டையை நேர்த்தியாக உள்ளே விட்டிருந்தார். வந்ததும் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"டோய்லட் எங்கம்மா? பாக்கணும்."

போகணும் என்று சொல்லவில்லை, பாக்கணும் என்கிறார். இவர்தான் ஆபிசர் என்று பிரேமலா முடிவுகட்டினாள்.

"சார், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்ப வேல சுலபம்."

"மொதல்ல ஒரு கோப்பி குடிங்க சார்."

கோப்பி வந்தது. கூடவே உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப்பும் வந்தது. அவர் மறுக்காமல் சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, இப்ப டோய்லட்ட பாக்கலாமா?"

"ஜொகூர் சுற்றுலா வீடியோ இருக்கு சார். அத பாக்காம இங்கேருந்து யாரும் போனதில்ல."

வீடியோவில் முதல் கடற்கரை வருவதற்குள் அன்னாசி தொப்பென்று குப்புற விழுந்தது. தண்ணீர் கால்மிதியைத் தாண்டியது.

"இப்ப என் தண்ணி," என்று காளியம்மா மாப்பைத் தூக்கினாள்.

"என்னம்மா இது, இவ்ளோ தண்ணி வருது?" என்றார் அவர்.

பிரேமலாவின் வாய் அவளைக் கேட்காமலே பேசியது. "கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி சார். மாதிரி வடிவம். வர்றவங்களுக்கு ஒரு ஃபீலிங் கெடைக்கணும்ல."

காளியம்மா மாப்பைக் கீழே போட்டாள். "அக்ரிமெண்டுல நீர்வீழ்ச்சி இல்ல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மலாக்காவுக்குப் போகிற வழியில் இறங்கிய ஒரு சிங்கப்பூர்க் குடும்பம் அந்நேரம் உள்ளே நுழைந்தது. நீர்வீழ்ச்சி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், செருப்பைக் கழற்றிவிட்டு தண்ணீரில் நின்று படம் எடுக்க ஆரம்பித்தார்கள். குடும்பத் தலைவர் அன்னாசியின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

வந்தவர் குனிந்து தண்ணீரில் விரலை நனைத்துப் பார்த்தார். "நல்ல பிரஷர். எங்கேருந்து வருது?"

"இயற்கையா வருது சார்."

"அப்ப டோய்லட்டுல ஒரு பிரச்னையும் இல்ல?"

"எங்க டோய்லட்ட பாத்துத்தான் மத்தவங்க டோய்லட்டே கட்டுறாங்க சார்."

அவர் தலையைச் சொறிந்தார். கவுண்டரைப் பார்த்தார், நீர்வீழ்ச்சியைப் பார்த்தார், இன்னொரு கறிபாப்பை எடுத்துக்கொண்டார். "அப்ப எனக்கு இங்க வேல இல்ல. வரேன்மா."

அவருடைய வண்டி சாலையில் ஏறி மறையும்வரை பிரேமலா கையசைத்தாள். பிறகு, நனைந்த காலோடு நாற்காலியில் சாய்ந்து, பெருமையாகத் தலைவிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஆபிசர் வந்துட்டுப் போயிட்டாரு. ஒரு கொற சொல்லல. சிரிச்ச மொகமாத்தான் போனாரு."

"ஆபிசர் இப்பத்தான் டோல்கேட்ட தாண்டி வந்துகிட்டு இருக்காருடி. காளியம்மா காலையிலயே போன்ல பைப் ஒடஞ்சத சொன்னதும், நான் செடெனாக் ஊர்லேருந்து கெஞ்சிக் கூத்தாடி அனுப்புன பைப்காரரு என்ன ஆனாரு?"